பிங்க் ஃபிளாய்டின் பி.பி.சி. பதிவுகளை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்ட் என்றதும் பலருக்கு நினைவு வருவது, கறுப்பு அட்டையில் முப்பட்டகக் கண்ணாடியும் அதிலிருந்து பிரியும் ஆறு நிற ஒளியும் போட்ட 1973ஆம் வருடத்து ஆல்பம்தான். அதற்கு முந்தைய ஐந்தாறு வருடங்களில் அவர்கள் கிட்டத்தட்ட வேறொரு குழு. இருட்டான கூடங்களில் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் போவார்கள். எதிரொலி இயந்திரத்தைத் திருகித் திருகி கிதாரைக் கிதார் மாதிரியே இல்லாமல் ஆக்குவார்கள். ஸ்பேஸ் ராக் என்ற பெயர் அந்தக் காலத்து வாசிப்புக்குத்தான் சரியாகப் பொருந்தும். ஆல்பங்களில் அது பாதிதான் கிடைக்கிறது. மீதி, 1967 முதல் 1971 வரை பி.பி.சி. வானொலிக்காக அவர்கள் வாசித்துக் கொடுத்த பதிவுகளில் இருக்கிறது.

நான் பல வருடங்களாக இவற்றைக் கேட்டு வருகிறேன். நண்பர்களுக்குக் கொடுத்தும் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் நடுவிலேயே விட்டுவிட்டார்கள். காரணம் இசை இல்லை, வரிசைதான். தேதிப்படி கேட்கலாம் என்று 1967இல் தொடங்கினால், மங்கலான ஒலியில் முழுதாக உருப்பெறாத பாட்டுகள் வரும்; இரண்டாவது பதிவிலேயே அலுத்துவிடும். அதனால் பின்னாலிருந்து முன்னால் போகும் ஒரு வரிசையை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்

பி.பி.சி. ஏன் ராக் குழுக்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னது? ரசனை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஓர் ஒப்பந்தம். இசைத்தட்டு நிறுவனங்களோடும் இசைக் கலைஞர்களின் தொழிற்சங்கத்தோடும் பேசி முடித்த ஏற்பாட்டின்படி, நாளொன்றுக்கு இத்தனை மணி நேரம்தான் இசைத்தட்டு போடலாம் என்று வரம்பு இருந்தது. அதற்கு ‘ஊசி நேரம்’ என்றே பெயர். தட்டின் மேல் ஊசி ஓடும் நேரம் என்று பொருள். மிச்ச நேரத்தை நிரப்ப ஆட்களைக் கூப்பிட்டு வாசிக்க வைத்தாக வேண்டும். 1967 ஆகஸ்டில் கடலில் கப்பல் நிறுத்தி ஒலிபரப்பிய கள்ள வானொலிகளைச் சட்டம் போட்டு மூடினார்கள். அந்த இடத்தைப் பிடிக்க செப்டம்பர் 30ஆம் தேதி ரேடியோ 1 தொடங்கியது. மறுநாளே அதில் ‘டாப் கியர்’ என்ற இசை நிகழ்ச்சி வந்தது. அதன் முதல் ஒலிபரப்பிலேயே பிங்க் ஃபிளாய்ட் உண்டு.

இந்தப் பதிவுகள் இரண்டு வகை. ஒன்று, ‘செஷன்’. ஆளில்லாத ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே நாளில் நான்கைந்து பாட்டை வாசித்து முடித்துவிட்டுப் போவது. இதில் கைதட்டல் இருக்காது. இன்னொன்று, ‘கான்சர்ட்’. ரசிகர்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் வாசித்து, சில நாள் கழித்து ஒலிபரப்புவது. 1967, 68 பதிவுகள் முதல் வகை. 1970, 71 பதிவுகள் இரண்டாம் வகை. எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்டால் எதிர்பார்ப்பு சரியாக இருக்கும். செஷனில் நாலு நிமிடத்தில் முடியும் பாட்டு, கான்சர்ட்டில் பத்து நிமிடத்தைத் தாண்டும்.

இரண்டாம் வகைக்கு இடம் ஒன்றுதான்: லண்டன் லோயர் ரீஜென்ட் தெருவில் இருந்த பாரிஸ் சினிமா. பெயரில் பாரிஸ் இருப்பதால் பிரான்சில் பதிவானது என்று நினைப்பவர்கள் உண்டு, இல்லை. அது பழைய சினிமாக் கொட்டகை. படியிறங்கிப் போகிற தரையடிக் கூடம். சுமார் 400 பேர் உட்காரலாம். பி.பி.சி. அதை வானொலி அரங்கமாக்கி நகைச்சுவை நிகழ்ச்சிகளையும் கச்சேரிகளையும் அங்கே பதிவு செய்தது. விளையாட்டரங்குப் பதிவுகளில் வரும் இரைச்சலும் கூவலும் இதில் இல்லை. இசை மெலிகிற இடத்தில் கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரியும்.

முதல் படி: 1971 செப்டம்பர் 30, ‘எக்கோஸ்’ மட்டும்

முழுக் கச்சேரியையும் போடாதீர்கள். அந்த இரவின் ‘எக்கோஸ்’ ஒன்றை மட்டும் போடுங்கள். சுமார் 26 நிமிடம். ராத்திரி, ஹெட்ஃபோன், கைப்பேசி எட்டாத தூரத்தில். இது போதும்.

அந்தப் பாட்டு ‘மெடில்’ ஆல்பத்தில் இருக்கிறது. ஆனால் இந்தக் கச்சேரி ஒலிபரப்பான அக்டோபர் 12ஆம் தேதி அந்த ஆல்பம் கடைக்கு வரவில்லை. வானொலி முன் உட்கார்ந்திருந்த பலருக்கு அதுதான் முதல் கேட்பு. அதே நிலையில் நீங்களும் கேட்பது நல்லது. ஆல்பத்தை ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருந்தாலும் சரி, ஒரு மாதம் அதைத் தொடாமல் இருந்துவிட்டு இதைக் கேளுங்கள்.

எதைக் கவனிப்பது? முதல் சத்தமே ஒற்றைச் சுரம். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் மாதிரி ‘டிங்’. ரிச்சர்ட் ரைட்டின் பியானோவை, உள்ளே சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியே அனுப்பி எடுத்த ஒலி அது. ஸ்டூடியோவில் தற்செயலாகக் கிடைத்த அந்த ஒலியை மேடையில் ஒவ்வொரு முறையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதனால் முதல் நிமிடத்தில் ஒருவித ஜாக்கிரதை தெரிகிறது. அப்புறம் டேவிட் கில்மோரும் ரைட்டும் சேர்ந்து பாடுகிறார்கள். இருவர் குரலும் ஒன்றுக்குள் ஒன்று கரைவதால் யார் எது என்று பிரிப்பது சிரமம். பாடல் வரிகள் முடிந்ததும் நிக் மேசனின் டிரம்ஸும் ரோஜர் வாட்டர்ஸின் பாஸும் ஒரே நடையில் இறங்கி நிற்க, கில்மோரின் கிதார் அவற்றின் மேல் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு போகும். இந்தப் பகுதி ஆல்பத்தைவிட இங்கே சொரசொரப்பு. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

பாதி தாண்டியதும் எல்லாம் அடங்கி, காற்றும் கடற்பறவைகளின் அலறலும் மாதிரி ஒரு பகுதி வரும். அது பறவையும் இல்லை, ஒலிநாடாவும் இல்லை, கில்மோரின் கிதார். காலால் மிதித்துக் கிதாரின் ஒலியை மாற்றும் வா-வா பெடலில் உள்ளே போக வேண்டிய வயரையும் வெளியே போக வேண்டிய வயரையும் ஒருமுறை தவறுதலாக மாற்றிச் செருகியதில் பிறந்த சத்தம். அப்படிச் செருகிவிட்டு கிதாரின் குமிழ்களைத் திருகினால் பெடல் தானாகவே கீச்சிடும். அவர் அதைப் பறவையாகப் பழக்கிவிட்டார். பாரிஸ் சினிமாவில் இந்த இடம் வரும்போது கூடத்தில் ஓர் இருமல்கூட இல்லாத அமைதி. அந்த அமைதிக்காகவே இந்தப் பதிவை முதலில் வைக்கிறேன்.

இரண்டாவது படி: ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு வருடம் வருடமாகப் போங்கள்

இந்தப் பதிவுகளை மதிப்பதற்கு என்னிடம் இருக்கும் முதல் காரணம் இதுதான்: பாட்டு வளர்வதைக் கேட்கலாம். ஆல்பம் காட்டுவது ஒரு நாளின் புகைப்படத்தை. வானொலிப் பதிவுகளை அடுக்கிக் கேட்டால் அதே முகம் வயதாகி வருவது தெரியும். ஒரே ராக ஆலாபனையைப் பத்து வருட இடைவெளியில் இரண்டு கச்சேரிப் பதிவுகளில் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சுகத்தை விளக்க வேண்டியதில்லை.

‘ஃபேட் ஓல்ட் சன்’ எளிய உதாரணம். கில்மோர் எழுதிய, கிராமத்து மாலை நேரத்தைப் பற்றிய சாதுவான பாட்டு. 1970 ஜூலை 16 பதிவில் ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆல்பத்தில் வருவதற்குச் சில மாதம் முன்பே வாசித்தது என்பதால் அடக்கமாக, தயங்கித் தயங்கி வரும். அடுத்து 1971 செப்டம்பர் பதிவைப் போடுங்கள். அதே பாட்டுக்கு இப்போது சுமார் 15 நிமிடம்! முதல் சில நிமிடம் அதே மெட்டு. பிறகு ரைட்டின் ஆர்கன் மெல்ல மேலேறி, மேசன் வேகம் பிடித்து, எல்லோரும் எங்கோ போய்விட்டு, கடைசியில் கதவைச் சத்தமில்லாமல் திறந்துகொண்டு மறுபடி அந்த மெட்டுக்கே வந்து சேர்கிறார்கள். பதினான்கு மாதத்தில் ஒரு பாட்டுக்கு இப்படி ஒரு முற்றம் முளைத்திருக்கிறது. ஆல்பத்தை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த முற்றம் இருப்பதே தெரியாது.

‘எம்ப்ரியோ’ இன்னும் விசேஷம். குழு தன் சொந்த ஆல்பம் எதிலும் இந்தப் பாட்டை வைக்கவில்லை. 1970இல் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ஒரு கதம்பத் தொகுப்பில் ஒரு ஸ்டூடியோ வடிவம் போனதோடு சரி. ஆனால் மேடையில் வருடக்கணக்கில் வாசித்தார்கள். 1968 டிசம்பர் 2 செஷனில் அது தாலாட்டு மாதிரி மெல்லிய, குட்டிப் பாட்டு. 1970 ஜூலையில் அதே பாட்டு 11 நிமிடம். நடுவில் குழந்தைகளின் குரல்கள் ஒலிநாடாவில் வரும். அந்தக் கடற்பறவை அலறலும் வரும். ஆமாம், ‘எக்கோஸ்’ பிறப்பதற்கு முன்பே அந்தப் பறவை இங்கே கத்திவிட்டது. 1971 பதிவில் மூன்றாவது வடிவம். மூன்றையும் ஒரே இரவில் வரிசையாகக் கேளுங்கள், அரை மணி நேரம்தான். இந்தக் கட்டுரையில் இருந்து ஒரே ஒரு வேலையைத்தான் செய்வேன் என்பவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது படி: 1970 ஜூலை 16, முழுக் கச்சேரி

இப்போது ஒரு கச்சேரியை முழுதாகக் கேட்கத் தயாராகிவிட்டீர்கள். இதை அறிமுகம் செய்து பேசுபவர் ரேடியோ 1 அறிவிப்பாளர் ஜான் பீல். குரலை உயர்த்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோலப் பேசுவார். அவர் பேச்சை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் வைத்திருக்கும் பிரதிகளைவிட, பேச்சோடு இருப்பவை எனக்கு உசத்தி. வானொலி என்ற உணர்வு அதில்தான் இருக்கிறது.

கடைசி உருப்படி, சுமார் 25 நிமிடம் ஓடும் பெரிய துண்டு. நால்வரோடு ஜான் ஆல்டிஸ் பாடகர் குழுவும் ஃபிலிப் ஜோன்ஸ் பித்தளை வாத்தியக் குழுவும் அந்தச் சின்ன மேடையில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். அன்று வரை அதற்கு நிலையான பெயர் இல்லை. ‘தி அமேஸிங் புட்டிங்’ என்று ஏதோ ஒரு பெயரில் வாசித்து வந்தார்கள். வானொலியில் அறிவிக்க ஒரு பெயர் வேண்டுமே? இசையமைப்பில் உடனிருந்த ரான் கீசின், வாட்டர்ஸிடம் அன்றைய ‘ஈவினிங் ஸ்டாண்டர்டு’ மாலைப் பத்திரிகையைக் காட்டி, பெயர் இதற்குள் இருக்கும் என்றார். அணுசக்தியில் இயங்கும் இதயமுடுக்கி பொருத்திய ஒரு பெண்ணைப் பற்றிய செய்தி அதில் இருந்தது. அதன் தலைப்பிலிருந்து வந்ததுதான் ‘ஆட்டம் ஹார்ட் மதர்’. பீல் அந்தப் பெயரைச் சொல்லி அறிவிக்கும்போது அந்தப் பெயருக்கு வயது சில மணி நேரம்தான்.

பித்தளை வாத்தியக்காரர்களும் ராக் குழுவும் ஒரே தாளத்தில் நிற்பதற்குப் படும் பாடு இதில் நன்றாகவே கேட்கிறது. சில இடங்களில் ஒரு நூலிழை பிந்துகிறார்கள். ஆல்பத்தில் இழைத்துச் சீராக்கிய வடிவத்தைவிட இந்த முட்டல் மோதலில் உயிர் கூடுதல் என்பது என் அபிப்பிராயம். பாடகர் குழு தனியாக எழும்பும் இடத்தில், தரையடிக் கூடம் என்பதால் குரல்கள் கூரைக்குப் போகாமல் நேரே முகத்துக்கு வருகின்றன.

இரண்டு நாள் கழித்து, ஜூலை 18ஆம் தேதி, இதையே ஹைட் பார்க்கில் இலவசக் கச்சேரியாக வாசித்தார்கள். மறுநாள் ஞாயிறு, வானொலியில் பாரிஸ் சினிமா பதிவு வந்தது.

நான்காவது படி: இப்போது 1967க்குத் திரும்புங்கள்

காது பழகிய பிறகு பழைய பதிவுகளின் கரகரப்பு பெரிதாகத் தெரியாது. 1967 செப்டம்பர் 25இல் பதிவான முதல் டாப் கியர் செஷனில், குழுவின் தொடக்கக் காலப் பாடகரும் பாடலாசிரியருமான சிட் பாரெட் இன்னும் இருக்கிறார். கற்பனைக் கதை மாதிரியான அவர் பாட்டுகளுக்கு நடுவே, ‘செட் த கண்ட்ரோல்ஸ் ஃபார் த ஹார்ட் ஆஃப் த சன்’ என்ற வாட்டர்ஸின் பாட்டு ஒன்று வருகிறது. ஆல்பத்தில் அது வெளியாக இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. ஸ்பேஸ் ராக் என்று பின்னால் பேர் வாங்கியதன் விதை இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஒரே பாஸ் சுழற்சி, மேலே ஆர்கன், மெல்லிய குரல்.

1967 டிசம்பர் 20 செஷனைக் கேட்பது எனக்கு இன்றும் எளிதில்லை. மைடா வேல் கூடத்தில் பதிவாகி, வருடத்தின் கடைசி நாளில் ஒலிபரப்பானது. பாரெட்டின் மனநிலை குலைந்துகொண்டிருந்த மாதம். அவர் எழுதிய ‘வெஜிடபிள் மேன்’, ‘ஸ்க்ரீம் தை லாஸ்ட் ஸ்க்ரீம்’ இரண்டும் இதில் உண்டு. இந்த இரண்டு பாட்டுகளையும் குழு அதிகாரபூர்வமாக வெளியிட 2016 வரை ஆனது. இவற்றை வேடிக்கைப் பாட்டாகக் கேட்க வேண்டாம். 21 வயதுப் பையன் ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதாகக் கேளுங்கள். அடுத்த வருட வசந்தத்துக்குள் அவர் குழுவில் இல்லை.

1968 ஜூன் 25 செஷன், கில்மோர் வந்த பிறகு நடந்த முதல் பி.பி.சி. பதிவு. இதில் பெயர்களைப் பார்த்துக் குழம்பாதீர்கள். ‘மர்டராட்டிக் உமன்’ என்று அட்டையில் இருப்பதுதான் பின்னால் ‘கேர்ஃபுல் வித் தட் ஆக்ஸ், யூஜின்’ ஆனது. ‘மாஸ்ட் கேட்ஜெட்ஸ் ஆஃப் ஹெர்குலிஸ்’ என்பது ‘எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்’. புதுப் பாட்டு என்று நினைத்து இணையத்தில் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

1969 மே 12 செஷன் இருக்கிறது. இதமான பதிவு, ஒலியும் சுத்தம். ஞாயிறு காலையில் போடுங்கள்.

எங்கே கிடைக்கும்?

2016 நவம்பரில் ‘தி எர்லி இயர்ஸ் 1965–1972’ என்ற 27 வட்டுப் பெட்டி வந்தது. நான் மேலே சொன்ன பி.பி.சி. பதிவுகள் எல்லாம் அதில் அதிகாரபூர்வமாக உண்டு. முழுப் பெட்டி விலை அதிகம். ஆனால் அதன் ஏழு தொகுதிகளில் ஆறு, 2017 மார்ச்சில் தனித்தனியாகவும் வந்தன. 1970ஆம் ஆண்டுக்கான ‘டீவியேஷன்’, 1971ஆம் ஆண்டுக்கான ‘ரிவெர்பரேஷன்’ இரண்டும் இருந்தால் முதல் மூன்று படிகளும் கிட்டத்தட்ட முடிந்துவிடும். ‘எம்ப்ரியோ’வின் 1968 வடிவத்துக்கு ‘ஜெர்மினேஷன்’ வேண்டும். 1967ஆம் வருடத்து இரண்டு செஷன்களும் இருப்பது ‘கண்டினியூயேஷன்’ என்ற ஏழாவது தொகுதியில். அது பெட்டியோடு மட்டும்தான். பழைய வட்டு வாங்கும்போது தொகுதியில் உள்ள சி.டி., டி.வி.டி., ப்ளூ-ரே மூன்றும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். இரண்டு வட்டில் ‘கிரியேஷன்’ என்று ஒரு சுருக்கமும் உண்டு. ருசி பார்க்கச் சரி. ஆனால் பாட்டு வளர்வதை அதில் பின்தொடர முடியாது.

இதற்கு முன் நாற்பது வருடத்துக்கு மேல் இவை எப்படிச் சுற்றின என்பதும் தெரிந்திருக்கட்டும். ஒலிநாடா விலை அதிகம் என்பதால் பி.பி.சி. பல நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. தப்பித்தவை இரண்டு வழியில் தப்பித்தன. ஒன்று, வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்புவதற்காக அதன் டிரான்ஸ்கிரிப்ஷன் பிரிவு அச்சிட்ட இசைத்தட்டுகள். குறித்த காலத்துக்குப் பிறகு அழித்துவிட வேண்டும் என்று நிபந்தனையோடு போனவை, சில இடங்களில் அலமாரியிலேயே தங்கிவிட்டன. இன்னொன்று, வீட்டில் வானொலிக்குப் பக்கத்தில் ரீல் ரெக்கார்டரை வைத்துப் பிடித்த நேயர்கள். அவர்களிடமிருந்து நகல், நகலின் நகல் என்று கைமாறி, கள்ளத் தட்டுகளாக அச்சாகி, கடைசியில் இணையத்துக்கு வந்தன.

என் ஆலோசனை: அதிகாரபூர்வமாக வந்திருப்பதைக் காசு கொடுத்து வாங்குங்கள். மூல நாடா கிடைத்த இடத்தில் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

ஐந்தாவது படி: கையில் இருக்கும் பிரதி ஒழுங்கானதா?

இருந்தாலும் பழைய பிரதிகள் கைக்கு வரத்தான் செய்யும். எனக்கு முதலில் கிடைத்த 1971 கச்சேரி யாரோ கொடுத்த எம்.பி.3 வட்டுதான். ஒரு வருடத்துக்கு மேல் அதையே கேட்டேன். கில்மோர் அன்று ஏன் இவ்வளவு இறுக்கமாக, உயரமாகப் பாடினார் என்று யோசித்திருக்கிறேன். பிறகு நல்ல பிரதியைக் கேட்டபோதுதான், என்னிடம் இருந்தது வேகம் கூடிய நாடாவிலிருந்து எடுத்தது என்று தெரிந்தது. அந்த இரவின் நிதானத்தை ஒரு வருடம் எனக்குக் காட்டாமல் வைத்திருந்தது அந்த வேகம்.

அதனால் முதலில் வேகத்தைப் பாருங்கள். ‘எக்கோஸ்’ தொடக்கத்தில் வரும் அந்த ஒற்றைச் சுரம் இதற்கென்றே அமைந்த மாதிரி. ஆல்பத்தில் உள்ள சுரத்தையும் உங்கள் பிரதியில் உள்ளதையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்கள். கைப்பேசியில் கிதார் டியூனர் செயலி இருந்தால் அதில் காட்டுங்கள். சிறு வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை, மேடை வாத்தியங்கள் அப்படித்தான். அரைச் சுரம் தள்ளி இருந்தால் நாடா ஏறக்குறைய 6 சதவீதம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடியிருக்கிறது. அப்படி வேகமாக ஓடினால் 26 நிமிடப் பாட்டு 24½ நிமிடத்தில் முடிந்துவிடும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகத்தை மாற்றும் வசதி இருக்கிறது. சுருதியை மட்டும் மாற்றுவதைத் தொடாதீர்கள். சுருதியும் நேரமும் சேர்ந்து மாற வேண்டும்.

அடுத்தது ஒலியின் படம். ஸ்பெக் என்று ஒரு சிறிய இலவசச் செயலி. கோப்பை அதில் இழுத்துப் போட்டால் அலைவரிசைகளை வண்ணமாகக் காட்டும். எஃப்.எம். ஒலிபரப்பில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இசை போகாது. அதனால் வானொலியில் பிடித்த பிரதி அதற்கு மேல் வெறுமையாக, நாடா இரைச்சல் மட்டும் இருந்தால் அது இயல்பு. சில பிரதிகளில் 19 கிலோஹெர்ட்ஸில் ஊசி மாதிரி ஒரு கோடு தெரியும். அது ஸ்டீரியோ ஒலிபரப்புக்கான அடையாள ஒலி. அதைக் கண்டால் இது எஃப்.எம்.மிலிருந்தே வந்தது என்று நம்பலாம். மாறாக, மேல் விளிம்பு ரம்பத்தால் அறுத்த மாதிரி நேர்கோடாக நின்று, அதன் கீழே வண்ணம் திட்டுத் திட்டாக ஓட்டை விழுந்திருந்தால், எங்கோ ஓரிடத்தில் எம்.பி.3 ஆகிவிட்டு மறுபடி தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாக வேடம் போட்டு வந்திருக்கிறது. அளவு பெரிது என்பதற்காக அதைச் சேர்த்து வைக்க வேண்டாம்.

மூன்றாவது, இரைச்சலை நீக்கியிருக்கிறார்களா என்று காதால் பாருங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கூடம் திடீரென்று செத்த மாதிரி அமைதியானால், சிம்பலின் வால் பாதியில் அறுந்தால், யாரோ அளவுக்கு மீறித் துடைத்திருக்கிறார்கள். கொஞ்சம் ‘உஸ்’ சத்தம் இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு நிமிடத்தில் காது அதை மறந்துவிடும். அறுந்த சிம்பலை மறக்காது.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது பதிவான தேதியை முன்னால் போடுங்கள், வருடம்-மாதம்-நாள் என்ற வரிசையில். ஒலிபரப்பான தேதியைப் பின்னால் வையுங்கள். ஜூலை 16, ஜூலை 19 என்று இரண்டு தேதிகளைப் பார்த்து அவை இரண்டு கச்சேரிகள் என்று எண்ணி ஒன்றையே இருமுறை வாங்கியவர்கள் உண்டு. பிரதி எங்கிருந்து வந்தது, யார் வழியாக வந்தது என்று ஒரு வரி எழுதி அதே உறையில் போட்டு வையுங்கள். ஐந்து வருடம் கழித்து நல்ல பிரதி கிடைக்கும்போது எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று அந்த ஒரு வரிதான் சொல்லும்.

இவ்வளவும் கேட்டு முடித்தவர்களுக்கு

பி.பி.சி. இவர்களை 1974 நவம்பரில் வெம்ப்ளியிலும் பதிவு செய்தது. 1973 ஆல்பத்தை முழுதாக மேடையில் வாசித்த பதிவு அது. 2011இல் முறையாக வெளிவந்து, 2023இல் தனி வட்டாகவும் வந்தது. ஒலி பிரமாதம். ஆனால் அதற்குள் அவர்கள் வேறு குழுவாகிவிட்டார்கள். இந்த வரிசையில் அதைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பதிலாக அதே பாரிஸ் கூடத்துக்கு இன்னொரு தடவை படியிறங்கிப் போங்கள். 1972 செப்டம்பர் 28. மேடையில் ஹாக்விண்ட். லண்டனின் லாட்புரோக் குரோவ் பக்கத்திலிருந்து கிளம்பிய குழு. ‘சில்வர் மெஷின்’ என்ற அவர்கள் பாட்டு அந்த வருடம்தான் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியிருந்தது. டேவ் பிராக்கின் கிதார், லெம்மியின் பாஸ், நிக் டர்னரின் சாக்ஸஃபோன், பாட்டுக்குப் பாட்டு இடைவெளியே விடாமல் கீச்சிடும் எலெக்ட்ரானிக் கருவிகள். 1991இல் இது வட்டாக வந்தது. பிங்க் ஃபிளாய்ட் விண்வெளியில் மிதந்தார்கள் என்றால் இவர்கள் முழு வேகத்தில் அதைக் கிழித்துக்கொண்டு போகிறார்கள். ஒலியைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஐந்து நிமிடத்தில் நீங்களே கூட்டுவீர்கள்.